சிவப்புத் தரையைக் கேட்டு எடுத்த கல்

கண்டியிலிருந்து மடவளை, வத்துகாமம் வழியாக ஏறிப் பன்வில போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. நக்கிள்ஸ் மலைப் பக்கம் மட்டும் மூட்டம் கலையவில்லை. கடைத்தெரு தாண்டியதும் ஒரு சின்ன லொறி நின்றது. அதில் மரச் சட்டத்தோடு சாய்த்துக் கட்டிய ஒரு கல் பலகை. போக வேண்டிய வீடோ ரோட்டுக்கு மேலே, ஈரப் படிக்கட்டுகளின் உச்சியில்.

நான்கு பேர் பழைய சேலையைத் திரித்துக் கல்லுக்கு அடியில் கொடுத்தார்கள். "படுக்க வச்சிராதீங்க, நிமிர்த்தியே தூக்குங்க!" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தவர்தான் பாஸ். இலங்கையில் கைவேலை தெரிந்தவர் யாரானாலும் பாஸ்தான்: மேசன் பாஸ், தச்சு பாஸ், இவர் கல்லு பாஸ்.

அவர் கத்தியதில் காரணம் இருக்கிறது. முக்கால் அங்குலத் தடிப்புள்ள கிரனைட் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. எட்டடி நீளம், இரண்டடி அகலம் என்றால் 80 கிலோவை நெருங்கும். படுக்கையாகத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் முறியக்கூடும். நிமிர்த்தித் தூக்கினால் தாங்கும். சிங்க் பொருத்தும் ஓட்டையை அவர் கடையிலேயே வெட்டிவிடாததும் இதனால்தான். வெட்டிய பிறகு ஓட்டைக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று அங்குலக் கீற்றுதான் மிஞ்சும். படியேறும்போது ஒரு கால் இடறினால் முதலில் போவது அந்த இடம். ஆகவே கல் மேலே போன பிறகு, வீட்டு முற்றத்தில்தான் வெட்டு.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை. சமையலறைத் தரை பழைய சிவப்புச் சீமெந்து. பொலிஷ் பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து, ஆள் நிழல் தெரிகிற அளவு பளபளப்பு. அதன் மேல் புதிதாக அடித்த மஹோகனி பேன்ட்ரி கபட். தரை பழசு, மரம் புதுசு, மேலே மேடையாக வரும் கல் இனிமேல்தான்.

டீச்சர் முதலில் ஆசைப்பட்டது கர்நாடகத்து இல்கல் சிவப்பு. தரையும் சிவப்பு, கல்லும் சிவப்பு, பொருத்தமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். கல்லு பாஸ் மறுக்கவில்லை. கை அகலத் துண்டுகள் நாலைந்தை ஒரு சீமெந்துப் பையில் போட்டுக் கொண்டுவந்து, தரையில் வைத்துக் கபட் கதவோடு சாய்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

"டீச்சர், தரைய நாம மாத்தப் போறதில்ல. அப்ப தரைகிட்ட கேட்டுட்டுத்தான் கல்லு எடுக்கணும். ரெண்டு நாளு இங்கயே கிடக்கட்டும். காலையில பாருங்க, ராத்திரி லைட்டப் போட்டும் பாருங்க."

"நான் புள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மாதிரி இந்தத் தம்பி எனக்குச் சொல்லிட்டுப் போச்சு" என்று டீச்சர் சிரிக்கிறார்.

இரண்டு நாளில் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. இல்கல் சிவப்பில் லேசான ஊதா சாயல் உண்டு. சிவப்புச் சீமெந்திலோ செங்கல்லின் மஞ்சள் சாயல். ஒன்றின் பக்கத்தில் மற்றது அழுக்காகத் தெரிந்தது. ஒரே பெயருள்ள இரண்டு நிறங்கள், இரண்டு வெவ்வேறு நிறங்களைவிட மோசமாகச் சண்டை பிடிக்கும் என்பது இந்தத் தொழிலில் நாளாந்த அனுபவம். தெலுங்கானாவின் கரீம்நகர்ப் பக்கமிருந்து வருகிற டேன் பிரவுன், மஹோகனியோடு ஒட்டிப்போய் மரம் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஆக்கியது.

கறுப்புக் கலக்ஸிக்கு எங்கும் கிராக்கி. ஆந்திராவின் சீமகுர்த்தியில் வெட்டப்படும் அந்தக் கல்லில் மின்னும் பொன் பொட்டுகள் புரோன்சைட் என்ற கனிமம். வெயில் விழும் பெரிய சமையலறையில் சிவப்புத் தரையோடு அது எடுப்பாகவே நிற்கும். இங்கே ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே வருடத்தில் பாதி நாள் மூட்டம். உள்ளே வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் கறுப்பு குடித்துவிடும். ரொட்டிக்குப் பிசைந்த மாத் தூளும், காய்ந்த தண்ணீரின் வெள்ளைத் திட்டும் கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். பத்துப் பதினைந்து டியூப் லைட்டின் கீழே கடையில் பார்த்த கறுப்பு வேறு, பன்வில மழை நாளின் கறுப்பு வேறு.

கடைசியில் நின்றது காஷ்மீர் வெள்ளை. பெயரில்தான் காஷ்மீர், கல் வருவது மதுரைப் பக்கமிருந்து. சாம்பல் கலந்த வெள்ளை, நடுநடுவே மாதுளை முத்துப்போல் கருஞ்சிவப்புப் புள்ளிகள். அவை கார்னெட் மணிகள். தரையின் சிவப்பை அந்தப் புள்ளிகள் மேலே எடுத்துக்கொண்டு போகின்றன. வெள்ளை மூட்டத்திலும் வெளிச்சம் தருகிறது. மஹோகனி தனியே தெரிகிறது.

இந்தக் கல்லில் பன்விலைக்குப் புதிது ஒன்றும் இல்லை. நிலவியலாளர் கணக்கில் காஷ்மீர் வெள்ளை கிரனைட்டே அல்ல, கறுப்புக் கலக்ஸியும் அல்ல. கடினமான, மெருகேறும் கல்லை எல்லாம் வியாபாரம் அந்த ஒரு பெயரில் அடக்கிவிட்டது. காஷ்மீர் வெள்ளை நெய்ஸ் குடும்பத்துப் பாறை. மலைநாட்டுப் பாறைகளிலும் கார்னெட் மணி பதிந்த நெய்ஸ் சாதாரணம். தென்னிந்தியாவும் இலங்கையும் கோண்டுவானா கண்டத்தில் ஒட்டிக் கிடந்த காலத்து உறவு அது. கல் வேலையிலும் அந்த உறவு உண்டு: கண்டிக்கு அருகே கடலாதெனிய விகாரையை 1344இல் கல்லில் எழுப்பிய தலைமைச் சிற்பி, கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியர்.

காஷ்மீர் வெள்ளைக்கு ஒரு குறை உண்டு, கல்லு பாஸ் அதை மறைக்கவில்லை. அது உறிஞ்சும் கல். மஞ்சள் தூளும் தேங்காய் எண்ணெயும் சிந்தி ஊறினால் கறை உள்ளே இறங்கும். கல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்துத் துடைத்துக் காட்டினார். அந்த இடம் கறுத்திருந்தது. உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் பூசிக் காய்ந்த துண்டில் அதே சொட்டு உருண்டு நின்றது. சொட்டு மறுபடி ஊறத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டும். தேசிக்காய்ப் புளி இதை ஒன்றும் செய்யாது; சுண்ணாம்புச் சத்துள்ள மார்பிள் மேடையைத்தான் அது அரிக்கும்.

சுவர் டைல்ஸ் கடைசி வேலை. மேடைக் கல்லின் மேல் விளிம்பிலிருந்துதான் முதல் வரிசை தொடங்க வேண்டும் என்பதால் கல் உட்காரும் முன் டைல்ஸ் ஒட்டுவதில்லை. கல்லில் புள்ளி இருந்தால் சுவர் சும்மா இருக்க வேண்டும். கல் ஒரே நிறமானால் சுவரில் பூ வரலாம். டீச்சர் எடுத்திருப்பது வெற்று வெள்ளை டைல்ஸ், இடுக்குக்குச் சாம்பல் நிறப் பூச்சு. வெள்ளைப் பூச்சுப் போட்டால் அடுப்புக்கு நேரே உள்ள இடம் தாளிப்பிலேயே மஞ்சளாகிவிடும்.

பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் வெட்டு தொடங்கியது. கிரைண்டரில் வைர பிளேட். ஒரு பையன் அடியில் துளையிட்ட தண்ணீர்ப் போத்தலைப் பிளேட்டின் மேல் பிடித்திருந்தான். சேறாக வழிந்தது, தூசி எழும்பவில்லை. கொழும்பில் கையாளாக நின்ற காலத்தில் உலர வெட்டித்தான் பழக்கம் என்கிறார் கல்லு பாஸ். சாயங்காலம் துப்பினால் எச்சில் வெள்ளையாக வருமாம். அவரோடு நின்ற இருவர் இருமலோடு தொழிலை விட்டுவிட்டார்கள். கல்லின் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்தால் வருவது சிலிக்கோசிஸ். படிந்ததை எடுக்க மருந்து கிடையாது. குவார்ட்ஸ் என்று கடைகளில் விற்கும் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 வீதத்தையும் தாண்டும். தொழிலாளர்களின் நுரையீரல் கெட்ட பிறகு, 2024 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியா அந்தக் கல்லையே தடை செய்தது.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது இறக்குமதிக் கல் கேட்டு யாரும் வரவில்லை. அந்த வருடம் முழுக்கக் கல்லு பாஸ் மேடைகளில் டைல்ஸ் ஒட்டித்தான் பிழைத்தார். இப்போது வேலை திரும்பியிருக்கிறது. ஆனால் அவசரமும் சேர்ந்தே வந்திருக்கிறது. "தண்ணி ஊத்துனா நேரம் போகுது, முற்றம் சேறாகுதுன்னு வீட்டுக்காரவங்களே வேணாங்கிறாங்க" என்றார்.

உங்கள் வீட்டுக்குக் கல் பொருத்த ஆள் வந்தால் சேற்றைப் பார்க்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை முற்றத்தில் எடுத்து வையுங்கள். உலர வெட்ட வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள்.