மொட்டைத் துகளையும் கழுவுங்கள்

குப்பியின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால், மை கரைத்தது போலிருந்த திரவம் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். கறுப்பெல்லாம் ஒரு பக்கமாய்ப் போய் அப்பிக்கொள்ளும். ஆய்வகம் பார்க்க வருகிறவர்கள் வாய்பிளப்பது இதற்குத்தான். எங்களுக்கோ இருப்பதிலேயே சுலபமான வேலை இது.

ஃபெர்ரஸ் ஒரு பங்கு, ஃபெர்ரிக் இரண்டு பங்கு. நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்க அம்மோனியாவை ஊற்றினால் மேக்னடைட் கருகருவென்று விழும். காற்று புகுந்தால் பழுப்பேறும். அந்தத் துகளோடு லைசோசைம் புரதத்தையும் டோபமைனையும் பி.எச். 8.5 பஃபரில் போட்டு ஆட்டுவோம். டோபமைன் தானாகவே கோத்துக்கொண்டு, புரதத்தைச் சுற்றித் தோலாகப் படியும். அதிக நேரம் விட்டால் புரதம் தோலுக்குள் புதைந்துபோகும். பிறகு எதைக் கொண்டும் வெளியே எடுக்க முடியாது. சரியான நேரத்தில் நிறுத்திப் புரதத்தைக் கழுவி எடுத்தால், அது இருந்த இடத்தில் அதன் அளவுக்கு ஒரு குழி. பிறகு அதே புரதம் வந்தால் அந்தக் குழி பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு.

1970களில் ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப் சிறு மூலக்கூறுகளுக்கு இப்படிக் குழி பறித்துக் காட்டினார். புரதம் அவ்வளவு சொன்னபடி கேட்காது. பெரியது, நெளியும், கொஞ்சம் அமிலம் பட்டாலே உருக்குலையும்.

என் முதல் முடிவு பிரமாதமாக வந்தது. 280 நானோமீட்டரில் தெளிநீரை அளந்தால் புரதம் அநேகமாக இல்லை; எல்லாம் துகளில். புரதமே இல்லாமல் தோல் மட்டும் போர்த்திய துகளை எங்களுக்குள் 'மொட்டை' என்போம். அது பிடித்தது கொஞ்சம்தான். இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

மூன்றாம் நாள் மூத்த ஆய்வாளர் ஒருவர், "மொட்டையை எதில் கழுவினாய்?" என்று கேட்டார். "தண்ணீரில்தான் அக்கா, அதில்தான் புரதமே இல்லையே" என்றேன். மற்றதை எஸ்.டி.எஸ். சோப்பும் அசிட்டிக் அமிலமும் கலந்து கழுவியிருந்தேன். அவர் சிரித்தார். மொட்டையையும் அதே கலவையில் கழுவிப் பார்த்தேன். அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பிடித்தது.

சங்கதி இதுதான். எஸ்.டி.எஸ். எதிர்மின் சுமை கொண்டது. லைசோசைம் நடுநிலை நீரில் நேர்மின் சுமையோடு இருக்கும். துகளில் தங்கிய சோப்புதான் புரதத்தை இழுத்திருக்கிறது. குழியைப் பாராட்டிக்கொண்டிருந்தேன், வேலை செய்தது சோப்பு.

அன்றிலிருந்து கழுவுநீரில் கொஞ்சம் எடுத்து, மெத்திலீன் நீலமும் குளோரோஃபார்மும் விட்டுக் குலுக்குகிறேன். அடியில் தங்கும் குளோரோஃபார்ம் நீலமானால் சோப்பு இன்னும் இருக்கிறது. திரும்பக் கழுவ வேண்டும். அலுப்பான வேலைதான். இந்தத் துறையின் கட்டுரை எதை எடுத்தாலும், மொட்டையை எப்படிக் கழுவினார்கள் என்ற வரியை முதலில் தேடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் நான் வரைபடங்களைப் பார்ப்பதில்லை.

ஒழுங்காகக் கழுவியபின் இரண்டுக்குமான வித்தியாசம் சுருங்கியது, மறையவில்லை. நீர்த்த முட்டை வெள்ளைக்கருவில் குழியுள்ள துகளைப் போட்டு, பிடித்ததை ஜெல்லில் ஓட்டினேன். 14 கிலோடால்டன் இடத்தில் லைசோசைமின் நீலக்கோடு அழுத்தமாக விழுந்தது. மேலே, 45க்கு அருகில், வெள்ளைக்கருவின் இன்னொரு புரதமான ஓவால்புமினின் கோடும் மங்கலாக இருந்தது.