உட்செவி அறிந்த திசை

திகைப்பூண்டை மிதித்தவனுக்கு வழி மறந்துபோகும் என்பது நம்மவரின் பழைய நம்பிக்கை. முத்தையன்கட்டுக்கு அப்பால் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டுக்குள் போனவருக்கு அது ஏன் பிறந்ததென்று விளங்கும். எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சூரியன் தெரியாது. கொப்பு முறித்து அடையாளம் வைத்துப் போகிறவர்களும் சிலவேளை புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார்கள். பட்டி மாடுகளோ பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, பொழுதுபட மாட்டுக்காலைக்குத் திரும்பிவிடும். "திசை மாறினால் ஓடாதே தம்பி, மாட்டுக்குப் பின்னால போ" என்பார் பட்டி வைத்திருந்த என் மாமா.

மாட்டுக்கு மூக்கும் கண்ணும் பழகிய தடமும் துணை. அவற்றுக்கெல்லாம் அடியில் உட்செவி இருக்கிறது. இரு காதிலும் மும்மூன்று அரைவட்டக் கால்வாய்கள். தலை திரும்பும்போது உள்ளிருக்கும் திரவம் சற்றே பின்தங்கி, நுண்மயிர்களை வளைக்கிறது. எவ்வளவு திரும்பினோம் என்ற கணக்கு அங்கிருந்து மூளைக்குப் போகிறது. 1984இல் ஜேம்ஸ் ராங்க் எலியின் மூளையில் விந்தையான கலங்களைக் கண்டார். தலை ஒரு குறித்த திசையை நோக்கும்போது மட்டும் துடிப்பவை அவை, இருட்டிலும் துடிக்கும். உட்செவியின் சமநிலை உறுப்பை அழித்துவிட்டால், வெளிச்சத்தில் அடையாளங்கள் கண்முன்னே இருந்தும் அக்கலங்கள் திசை இழந்துவிடுகின்றன என்று 1997இல் ஸ்டாக்மனும் டௌபும் காட்டினர்.

எனக்கு இவற்றிலெல்லாம் நெருக்கமானது 1980இல் மிட்டெல்ஸ்டெட் தம்பதியர் செய்த சோதனை. இருட்டில் அலைந்து குட்டியைத் தேடிக் கண்டெடுத்த தாய் ஜெர்பில் எலி, வந்த வளைவெல்லாம் விட்டு நேரே கூட்டுக்குத் திரும்புகிறது. அது நிற்கும் தட்டை, காது உணராத அளவுக்கு மெல்லத் திருப்பிவிட்டாலோ, அதே கோணத்துக்குக் கூட்டைத் தவறவிடுகிறது. குட்டியைக் கவ்விய தாய்க்கு அந்த நேரம் திசை காட்டும் பெருந்துணை காதின் கணக்கே.

2009இல் போரின்போது மாமாவுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. பகலில் நன்றாகவே நடப்பார். இருட்டினால் படலை தாண்டத் தடுமாறுவார். வரம்பில் கால் வைக்கமாட்டார். தெரிந்த ஒழுங்கையிலும் எந்தப் பக்கம் என்று கேட்பார். வயதென்றார்கள், மனப்பாதிப்பென்றார்கள். காது கேட்கிறதா என்று மட்டும் சோதித்தார்கள். வெடியின் அதிர்வு சமநிலை உறுப்பையும் கெடுக்கலாம். இரு பக்கமும் அதை இழந்தவர்களின் மூளையில் இடநினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருந்ததை 2005இல் ஜேர்மன் மருத்துவர் பிராண்ட் குழுவினர் பதிவுசெய்தனர்.

சமநிலை உறுப்பின் பழுதைக் கண்டறிய இயந்திரம் வேண்டியதில்லை. எதிரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, வைத்தியர் தலையைப் பிடித்துச் சட்டென்று சிறிது திருப்புவார். பழுதிருந்தால் கண்ணும் தலையோடு போய்விட்டு, பிறகு பாய்ந்து புள்ளிக்குத் திரும்பும். 1988இல் சிட்னியில் ஹல்மாகியும் கர்தோய்ஸும் விவரித்த முறை இது. தலையையும் கண்ணையும் பழக்கும் பயிற்சிகளால் நடை ஓரளவு தேறும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஷெல்லடிக்குத் தப்பி வந்த ஒவ்வொருவருக்கும் இந்தச் சோதனையைச் செய்துபார்க்க வேண்டும்.