பாரிசுக்குப் போன மேளம்

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு மேளக்காரர் குடும்பம். பெரியவர் நாதஸ்வரம், அவர் தம்பி இரண்டாவது நாதஸ்வரம், பெரியவரின் பையன்கள் இரண்டு பேரும் தவில், பேரன் தாளம். பேரனுக்குப் பதினாலு வயசு. கார்த்திகை தீபம் வந்துவிட்டால் பத்து நாளும் இவர்களைப் பார்க்க முடியாது. மற்ற நாட்களில் விடிகாலை ஐந்து மணிக்குச் சாதகம் ஆரம்பித்துவிடும். திருவண்ணாமலையில் எனக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை.

போன வைகாசியில் ஒரு நாள் ராத்திரி பெரியவர் வீட்டுக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலு பக்கக் காகிதம்.

"தம்பி, பிரான்சுல ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. பன்னெண்டு நாள். அஞ்சு பேரும் போறோம். இதுல கையெழுத்து போடணுமாம். இங்கிலீசுல கீது. ஒரு தபா படிச்சி சொல்லிடு."

சுற்று வட்டாரத்தில் வாசிக்காத கோயில் இல்லை, ஆனால் கடல் தாண்டினது கிடையாது. மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "யாழ்ப்பாணத்து ஜனம் நெறைய பேர் வருவாங்களாம்ப்பா. தட்சிணாமூர்த்தி தவுலு கேட்டு வளந்த ஜனம் அது. ஏனோதானோன்னு வாசிச்சிட்டு வர முடியாது" என்றார். அவர் கவலை அது.

என் கவலை காகிதத்தில் இருந்தது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம் சரி. மூன்றாம் பக்கத்தில், அங்கே இறங்கியதும் எல்லார் பாஸ்போர்ட்டையும் ஏற்பாட்டாளரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, திருவிழா தவிர ஏற்பாட்டாளர் சொல்லும் மற்ற நிகழ்ச்சிகளிலும் வாசிக்க வேண்டும், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. திரும்பி வரும் தேதிக்கு ஒரு கோடு மட்டும் போட்டு காலியாக விட்டிருந்தார்கள்.

சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மொத தடவ போறோம். கேள்வி கேட்டா வேற செட்டைக் கூப்பிட்டுப்பான். ஊருக்கு நாலு செட்டு இருக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த 1838 கதை ஞாபகம் வந்தது. முன்னால் எப்போதோ படித்து, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கடலூர் பக்கத்தில் திருவந்திபுரம் தெரியும்தானே? நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான திருவயிந்திரபுரம். பெருமாள் பெயர் தேவநாதன், தெய்வநாயகன் என்றும் சொல்வார்கள். அந்த ஊரைச் சேர்ந்த ஒரு ஆட்டக்குழு 1838-ல் ஐரோப்பா போனது. தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போனார். ஒப்பந்தம் எத்தனை நாளுக்கு? பதினெட்டு மாசம்!

மொத்தம் எட்டு பேர். ஆடுகிறவர்களில் மூத்தவள் தில்லம்மாள், வயது முப்பது. அம்மணிக்குப் பதினெட்டு. ரங்கம், சுந்தரம் இரண்டு பெண்களுக்கும் பதினாலு. கடைசியில் வேதம் என்று ஒரு குழந்தை, அதற்கு ஆறு வயசு. இவர்களோடு பக்கமேளம் மூன்று ஆண்கள்: தாளம், குழல், மத்தளம். தாளக்காரர் பெயர் ராமலிங்கம். மத்தளக்காரர் பெயர் தேவநாயகம், அந்த ஊர்ப் பெருமாள் பெயரேதான். (பெண்கள் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் ராம்கூன், சவூந்திரூன், வேதூன் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். ரங்கத்தையும் சுந்தரத்தையும் வேதத்தையும் நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும்.)

சூயஸ் கால்வாய் வந்ததே 1869-ல்தான். ஆகவே ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாசக்கணக்கில் பாய்மரக் கப்பல். ஜூலையில் போர்தோ துறைமுகத்தில் இறங்கி, ஆகஸ்டில் பாரிஸ். அரச குடும்பத்தின் முன் ஆடினார்கள். அப்புறம் வரியேத்தே நாடக அரங்கம். தெயோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார். அம்மணிமேல் அவருக்கு அப்படி ஒரு மயக்கம். ழான் ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியைச் சின்ன வெண்கலச் சிலையாகவே வடித்துவிட்டார்.

ஒரு ஆட்டத்தில் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே நீளமான மஸ்லின் துணியைப் பின்னி, முடிக்கும்போது அதில் பனைமரமும் புறாக்களும் நிற்குமாம். அதைப் பார்த்து அசந்து போனது கூட்டம்.

அக்டோபரில் லண்டன், அடெல்ஃபி தியேட்டர். விளம்பரத்தில் "பாண்டிச்சேரிப் பூசாரிணிகள்" என்று போட்டார்கள். கப்பல் ஏறின ஊரே சொந்த ஊராகிவிட்டது. சொந்த ஊர்ப் பெயருக்கு டிக்கெட் விற்காதே! அப்புறம் பிரைட்டன், பெல்ஜியம், ஜெர்மன் நாடுகள் என்று சுற்றி 1839-ல் வியன்னா. அங்கே மூத்த யோஹான் ஸ்ட்ராஸ் இவர்கள் இசையை வைத்து ஒரு துள்ளல் நடன இசையே எழுதினார்.

நாட்டியம் பார்த்தவர்கள் எழுதினார்கள், சிற்பி வடித்தார், இசைக்காரர் இசையமைத்தார். நான் படித்ததெல்லாம் பார்த்தவர்கள் எழுதியதுதான். ராமலிங்கத்துக்கு வியன்னா குளிரில் விரல் மரத்துப் போனதா, தேவநாயகம் மத்தளத் தோலை எப்படிக் காய வைத்தார், வேதம் ராத்திரியில் யாரைக் கட்டிக்கொண்டு தூங்கியது, இதையெல்லாம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒலிப்பதிவு வந்தது 1877-ல். தாளச் சத்தம் அன்றைக்கே காற்றோடு போயிற்று.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். அம்மணி பெயரைச் சொன்னபோது மட்டும், "நம்ம வடக்கு கோபுரம் பேரு" என்றார். ஆமாம், அம்மணி அம்மன் கோபுரம். ஒரு பெண் துறவி வீடு வீடாகக் கேட்டு வாங்கிக் கட்டிய கோபுரம். 171 அடி.

பிறகு அவர் சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. "பதினெட்டு மாசம்னு அந்த ராமலிங்கத்துக்குப் படிச்சி காட்டி இருப்பாங்களா தம்பி? எந்தக் காலத்துலயும் வாசிக்கிறது நாங்க, காயிதத்தைப் படிக்கிறது வேற ஆளு."

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. நான் வெறுமனே கதை சொல்லிவிட்டு எழுந்து போகிறவன்தானே. போனால் சம்பளம், கையெழுத்து போடாவிட்டால் ஒன்றும் இல்லை. ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, அவர்களுக்கு வரும்படியும் கிடையாது. அதை நினைக்காமல் "கையெழுத்து போடாதீங்க" என்று சொல்வது சுலபம்.

கடைசியில் வாயைத் திறந்தது பேரன்தான். "தாத்தா, கேட்டுப் பாப்போம். இல்லன்னு சொன்னா அப்ப பாத்துக்கலாம்." அவன் ஃபோனிலேயே மூன்று கேள்வியையும் எழுதி அனுப்பினோம். ஒரு வாரம் பதிலே இல்லை. அந்த ஒரு வாரமும் பெரியவர் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். காலைச் சாதகம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு குடும்பத்தின் முதல் வெளிநாட்டுப் பயணத்தை நான் கெடுத்துவிட்டேனோ?

எட்டாம் நாள் பதில் வந்தது. பாஸ்போர்ட் அவரவரிடமே இருக்கலாம். திரும்பும் தேதி எழுதப்பட்டு வந்தது. கூடுதல் நிகழ்ச்சிக்குக் காசு? "அது வழக்கம் இல்லை." அந்த வரியை அவர்கள் மாற்றவே இல்லை. பெரியவர் கையெழுத்து போட்டார், தமிழில்.

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த வீட்டு அமர்க்களத்தை! திருவாவடுதுறையிலிருந்து புதுச் சீவாளி வந்தது. விரல் கூடுகளை ஒரு டப்பாவில், பூவரசங்கழியைத் துணியில் சுற்றி. தவிலை விமானத்தில் எப்படிப் போடுவது என்று மூன்று நாள் சர்ச்சை. கடைசியில் பழைய மெத்தையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார்கள்.

ஆகஸ்டில் பேரன் அனுப்பிய குரல் செய்தி: "மாமா, மொத ரெண்டு நாள் சீவாளி பேசவே இல்ல. ஈரக்காத்து. தவுலு தோலும் தொங்கிப் போச்சி. சித்தப்பா ஹீட்டர் பக்கத்துல வெச்சி காய வெச்சாரு. மூணாம் நாள் தாத்தா தோடி எடுத்தாரு பாருங்க, ஒரு பாட்டியம்மா அழுவுறாங்க." பின்னாலேயே ஒரு படம் வந்தது. 1838-ல் அந்த எட்டு பேர் தங்கியிருந்த தெருவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு போனவன், நிஜமாகவே தேடிப் போயிருக்கிறான். அன்றைக்கு விதவைகள் சாலை, இன்றைக்கு அவென்யூ மோந்தேன். பணக்காரத் துணிக்கடைகளுக்கு முன்னால் கையில் தாளத்தோடு நிற்கிறான். "இங்க தட்டினா போலீஸ் வருமான்னு தெரியல, மெல்ல ஒரு தபா தட்டினேன்" என்று எழுதியிருந்தான்.

திரும்பி வந்துவிட்டார்கள், எழுதிய தேதியிலேயே. திருவிழாவோடு மூன்று கல்யாணம், ஒரு மஞ்சள் நீராட்டு. நாலும் ஓசி. "அடுத்த தபா அந்த வரிய மொதல்ல பாக்கணும்" என்கிறார் பெரியவர்.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பன்னிரண்டு நாளையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எந்த ராகம், எத்தனை மணி நேரம், யார் என்ன கேட்டார்கள், ராத்திரி என்ன சாப்பிட்டார்கள். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். நாலாம் நாள் வரைக்கும் வந்திருக்கிறோம்.