எட்டுப் பல்லும் பதினொரு பல்லும்

ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன நர்சரி. வாசலில் ஒரு பழைய டீசல் பிக்கப் நிற்கும். மகிந்திரா ஜீப் சேஸியில் கேபினும் பின்னால் தொட்டியும் கட்டிய வண்டி. மா, கொய்யா, நெல்லி ஒட்டுக்கன்றுகளை ஏற்றிக்கொண்டு மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை வழியாகத் திருச்சி போய்த் திரும்பும். அந்த நர்சரிக்காரர் வீட்டில் எல்லாச் செலவும் இந்த வண்டி கொண்டுவந்த காசில்தான் நடந்தது. மகனுடைய காலேஜ் ஃபீஸ் உட்பட.

சாலை இருவழியாக இருந்த வரை யாரும் அந்த வண்டியைக் குறை சொன்னதில்லை. லாரி ஐம்பதில் போகும், இது அறுபதில் போகும், கணக்குச் சரி. பழைய 45பி நான்கு வழியாகி, எண்ணும் 38 என்று மாறிய பிறகுதான் வம்பு. பின்னால் வருகிற லாரிகூட ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னது. எழுபதைத் தாண்டினால் என்ஜின் போடும் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச முடியாது. டாப் கியர் போட்ட பிறகும் இன்னொரு கியர் இருக்காதா என்று கை தானாகத் தேடும். பழைய ஜீப் ஓட்டியவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும்.

வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுக்கலாம் என்றான் மகன். ஓடுகிற வண்டியை விற்றுவிட்டுக் கடன் வாங்குவதா என்றார் அப்பா. வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. கடைசியில் மெக்கானிக்கிடம் பஞ்சாயத்துக்குப் போனார்கள். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி: "அண்ணே, என்ஜின்ல ஒரு குறையும் இல்ல. கிரௌனுதான் உங்க ரோட்டுக்குத் தோது இல்ல."

சரி, அது என்ன கிரௌன்? என்ஜினிலிருந்து வருகிற ஷாஃப்டின் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. இந்த வண்டியில் பினியனுக்கு 8 பல், கிரௌனுக்கு 43. வகுத்தால் 5.38. அதாவது பின்சக்கரம் ஒரு முறை சுற்ற, ஷாஃப்ட் ஐந்தே கால் சுற்றுக்கும் மேல் சுற்றியாக வேண்டும்.

ஹவுசிங்கைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். (ஏன் இரண்டு சுற்று? மறு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால் டிஃப்ரன்ஷியல் பாதியைத் தின்றுவிடும்.)

இவ்வளவு பெரிய எண் எதற்கு என்று கேட்டால் பதில் அமெரிக்கா வரை போகிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இந்த விகிதம் 4.88. போர் முடிந்து 1945ல் அதே ஜீப்பை விவசாயிகளுக்கு விற்கக் கிளம்பியபோது, கலப்பை இழுக்க வேண்டுமே என்று அதை 5.38 ஆக்கினார்கள். 1947ல் பம்பாயில் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்த மகிந்திராவின் வண்டிகளுக்கும் அந்த வழியில்தான் இது வந்தது. அதன் மேல் பிறகு டீசல் என்ஜின் ஏறியது. இந்த பிக்கப்பில் இருப்பது இன்டர்நேஷனல் டிராக்டர் குடும்பத்து என்ஜின். டிராக்டரில் ஏறக்குறைய 2000 சுற்றில் வேலை பார்த்த குடும்பம். உழுகிற கிரௌனும் உழுகிற என்ஜினுமாகச் சேர்ந்து நான்கு வழிச்சாலைக்கு வந்து நிற்கின்றன!

கணக்கைப் போட்டுப் பார்த்தது மகன்தான். 7.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.35 மீட்டர் ஓடும். டாப் கியர் நேர் கியர். அப்படியானால் மணிக்கு 80 கி.மீ. போக 5.38ல் என்ஜின் நிமிடத்துக்கு 3050 சுற்று சுற்ற வேண்டும். 4.88 என்றால் 2770. 4.27 என்றால் 2420. 3.73 என்றால் 2120 போதும்.

மகனுக்கு 3.73 மேல் ஆசை. நூறில் போகலாமே! இங்கேதான் மெக்கானிக் பிடித்து நிறுத்தினார். கிரௌன் மாற்றினால் என்ஜினுக்குக் குதிரை கூடாது. வேகம் கூடுகிற அளவுக்குச் சக்கரத்தின் இழுவை குறையும். 5.38லிருந்து 4.27க்கு வந்தாலே இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காற்று வேறு இருக்கிறது. அறுபதிலிருந்து எண்பதுக்குப் போனால் காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் இரண்டேகால் மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். ஜீப்பின் மூஞ்சியோ செங்கல் மாதிரி. 3.73 போட்டால் எதிர்க்காற்றில் டாப் கியரே நிற்காது, மூன்றாம் கியரில்தான் போய்க்கொண்டிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, இந்த டானா 44 வகை ஆக்சிலில் 3.73 பூட்டக் கூடே வேறு. 4.27 பழைய கூட்டிலேயே உட்காரும்.

இன்னொன்றும் உண்டு. 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த வேக வரம்பில் நான்கு வழிச்சாலையில் சரக்கு வண்டிக்கு உச்சமே 80ஆகத்தான் இருந்தது. ஆக, நூறு என்ற பேச்சே வீண். எண்பதுக்குள் என்ஜின் அலறாமல் போனால் போதும். அதற்கு 11 பல் பினியனும் 47 பல் கிரௌனும், அதாவது 4.27, பொருத்தம்.

பெரிய டயர் போடலாமே என்றார்கள் சிலர். அதில் நாலைந்து சதவீதம்தான் கிடைக்கும். ஐந்து கியர் பெட்டி மாற்றுவது நல்ல வழிதான், ஐந்தாம் கியர் 0.8 என்றால் பலன் ஏறக்குறைய இதேதான். ஆனால் ஷாஃப்ட் நீளம் முதல் கிளட்ச் வரை எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். என்ஜினையே மாற்றுவது என்றால் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் முடியாது. பம்பைத் திருகி டீசலைக் கூட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கரும்புகைதான் மிச்சம்.

பூட்டுவதில் அவசரம் கூடாது. கிரௌனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்து வருபவை. ஒன்றை இங்கேயும் மற்றதை அங்கேயும் வாங்கினால் ஊளையிடும். பல்லில் பெயின்ட் தடவிச் சுற்றி, அச்சு பல்லின் நடுவில் விழுகிற வரை ஷிம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மெக்கானிக் மூன்று தடவை கழற்றி மாட்டினார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் முன் ஆக்சிலுக்கும் இதே விகிதம் போட்டாக வேண்டும். இது பின்சக்கர வண்டி, செலவு பாதியோடு போயிற்று. முதல் எண்ணூறு கி.மீ. கனமான லோடு ஏற்றாமல் ஓட்டி, பிறகு ஆயிலை மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு திருச்சிக்குக் கன்று ஏற்றிப் போனார்கள். 75ல் சீராகப் போனால் இரண்டு மணி நேரம் ஒன்றே முக்காலாகக் குறைகிறது. அவ்வளவுதான் லாபம். ஆனால் அப்பாவும் மகனும் விராலிமலை வரை பேசிக்கொண்டே போனார்கள், அது முன்பு நடக்காத காரியம். சிறுமலைக்குப் போன அன்றுதான் விலை தெரிந்தது. இரண்டாம் கியரில் ஏறிய கொண்டை ஊசி வளைவுகளில் இப்போது முதல் கியர் கேட்கிறது.

ஆபத்து ஒன்று மட்டும் சத்தமில்லாமல் வந்திருந்தது. இந்த வண்டியில் ஸ்பீடாமீட்டர் கேபிள் கிரௌனுக்கு முன்னாலேயே, கியர் பெட்டிப் பக்கத்தில், சுற்றை எண்ணுகிறது. கிரௌன் மாறியது அதற்குத் தெரியாது. உண்மையில் 80ல் போகும்போது முள் 63ல் நிற்கும். பிரேக்கோ நான்கும் பழைய டிரம். அறுபதில் நிற்கிற தூரத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்கு எண்பதில் வேண்டும். "அறுபதுலதான்டா போறேன்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தது 75 கி.மீ. வேகத்தில். மகன் செல்போனில் வேகத்தைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனான்.

கேபிளின் சின்னக் கியர் கிடைக்கும் வரை சும்மா இருக்கக்கூடாது என்று, அன்று சாயங்காலமே தங்கச்சியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து வந்து மீட்டர் கண்ணாடியில் 63க்கு நேராக ஒரு கோடு போட்டான். பிரேக் லைனிங் நான்கும் அடுத்த வாரம் புதுசாயின. கோடு இன்னும் இருக்கிறது.