மணலுக்கு எந்த ஊர்?

பென்னலூருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று இம்மலரைப் படிக்கும் தோழியர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் ஏரி உண்டு, கண்டெய்னர் லாரிகள் உண்டு, மூன்று ஷிப்டுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகள் உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆயினும் பென்னலூரிலிருந்து பள்ளி வேனில் வரும் நாங்கள் எட்டுப் பேரும் இவ்வாண்டு முழுவதும் ஓயாமல் பேசியது கடற்கரை மணலைப் பற்றித்தான். அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, எங்கள் வகுப்பு புதுச்சேரிக்குக் கல்விச் சுற்றுலா சென்றது. இரண்டாவது, பழைய செய்தித்தாள் விற்றும் பள்ளி விழாவில் சுண்டல் கடை போட்டும் நாங்கள் சேர்த்த 6,450 ரூபாய் என்ன செய்வதென்று முடிவாகாமல் வகுப்பாசிரியையிடம் இருந்தது. மூன்றாவது, எங்கள் எண்மரில் ஒருத்தியின் ஆயா, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில் வாழ்கிறார்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இறங்கியதும் எங்களுக்குக் கொண்டாட்டம்! காந்தி சிலையருகே ஒரு பக்கம் கரும்பாறைகள், மறுபக்கம் குழந்தைகள் விளையாடும் மணல். அந்த மணல் போய்த் திரும்பி வந்த மணல் என்று எங்கள் புவியியல் ஆசிரியை சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. கடற்கரையாவது, போவதாவது, வருவதாவது!

பிறகு அங்கேயே ஒரு குச்சியால் மணலில் படம் வரைந்து காட்டினார். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே நடத்திச் செல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்கள் மட்டும் திருப்பித் தெற்கே தள்ளுகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் நீட்டப்பட்டன. நடந்து வந்த மணல் தெற்குப் பக்கமே நின்று குவிந்தது. வடக்கே கடல் தன் வழக்கப்படி மணலை எடுத்துக்கொண்டே போயிற்று. எடுத்த இடத்தை நிரப்ப வரவு இல்லை. தெற்கே சேரும் மணலை வாரி வடக்கே கொட்ட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்ததாம். அது தொடர்ந்து நடைபெறவில்லை.

நகரத்தைக் காக்கச் சாலையோரம் பாறைகள் கொட்டினார்கள். பாறை சாலையைக் காக்கும், மணலைக் கொண்டுவராது. ஆகவே கடலின் பசி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாகக் கரை கரைந்தது. புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் எல்லைக் கல்லைக் கடல் படித்துப் பார்க்கவா போகிறது?

விடுமுறைக்குச் சென்னை சென்று மெரினாவில் கால் புதையப் புதைய ஓடும் நாமும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. 1876-இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தெற்கே மணலைத் தேக்கியதால்தான் மெரினா அவ்வளவு அகலமானது. வடக்கே இராயபுரம் பக்கம் நிலம் கடலுக்குள் போனது. நாங்கள் பட்டம் விட்ட மணல் யாருடைய வாசல் மணலோ!

புதுச்சேரியில் பாண்டிகேன் என்னும் குடிமக்கள் அமைப்பு, கல் கொட்டுவது போதாது, மணல் வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடியது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆராய்ந்து, 2018-இல் தலைமைச் செயலகம் அருகே கடலடியில் ஆப்பு வடிவத்தில் எஃகால் ஆன ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. அது அலையின் வேகத்தை அடக்க, மணல் தங்கிற்று. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் பணத்தில் நடந்த வேலை அது.

"நகரத்துக்கு மணல் வந்துவிட்டது. எங்கள் ஆயா ஊருக்கு?" என்றாள் எங்கள் தோழி. ஆசிரியை விடை சொல்லவில்லை. ஆனால் சிஸ்டரிடம் பேசி, திரும்பும் வழியில் அந்தக் குப்பத்தில் ஒரு மணி நேரம் பேருந்தை நிறுத்தச் சம்மதம் வாங்கினார்.

ஆயா எங்கள் நாற்பத்திரண்டு பேருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். டம்ளர்கள் போதாமல் பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்தன. கரைவலை இழுத்த இடம், வலை காயப்போட்ட இடம், கருவாடு உலர்த்திய இடம் என்று அவர் சுட்டிய விரலுக்கு நேரே எல்லாம் தண்ணீராக இருந்தது. படகுகளை நிறுத்த இடமின்றித் தெருவுக்குள் ஏற்றி வைத்திருந்தார்கள். இரண்டு படகுகளுக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக நுழைந்துதான் நாங்கள் ஆயா வீட்டுக்கே போனோம்.

அந்தக் குப்பத்தில் எதற்கும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. தலைக்கட்டு வரி உண்டு. மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவானாலும் வழக்கானாலும் அந்தப் பணத்திலிருந்துதான் செலவு. (பெண்கள் ஏன் தலைக்கட்டு இல்லை என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். ஆயா சிரித்தார், ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை.) தூண்டில் வளைவு கேட்பது என்று ஊர் கூடித் தீர்மானம் போட்டிருந்தார்கள். தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் வளைத்துப் போடும் கல் சுவர். அதன் தெற்கே மணல் சேரும். வடக்கே?

வடக்கே அடுத்த குப்பம் இருக்கிறது. தீர்மானத்தைக் கேள்விப்பட்ட மறுநாளே அந்த ஊரார் வந்து, "உங்களுக்கு மணல் சேர்ந்தா எங்க கரை போயிடும்" என்றார்களாம். இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். ஆயாவின் மூத்த மகளே அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அன்று முதல் இரண்டு ஊருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பெரியம்மா ஆறு மாதமாகத் தாய்வீட்டுக்கு வரவில்லை என்று பேருந்தில் வரும்போதுதான் எங்கள் தோழி சொன்னாள்.

வகுப்புக்குத் திரும்பியதும் அவள் எழுந்து, நம் 6,450 ரூபாயைக் குப்பத்துக்குக் கல் வாங்கக் கொடுப்போம் என்றாள். உடனே பாதி வகுப்பு கைதட்டியது. மறு பாதி, நம் ஊர் ஏரிக்கரையில் பனை விதை ஊன்றி வேலி போடலாம் என்றது. ஆயாவிடமே தொலைபேசியில் கேட்டோம். "உங்க காசுக்கு ஒரு லாரிக் கல்லுகூட வராது கண்ணுங்களா. வந்தாலும் வேணாம். அந்தக் கல்லால எம்பொண்ணு வீடு போவும்" என்றார்.

அன்று மாலை வேனில் எங்கள் எண்மருக்குள் பெரும் வாதம் நடந்தது. பணம் கொடுப்பவர் யார், முடிவு செய்பவர் யார் என்பதே வாதம். எங்கள் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலை தன் சமூகப் பொறுப்பு நிதியில் ஓர் ஏரிக்கரையைச் சீர்செய்தது. நடைபாதை வந்தது, சாய்வு நாற்காலிகள் வந்தன, பெயர்ப் பலகை பெரிதாகவே வந்தது. மாடுகள் தண்ணீருக்கு இறங்கும் வழி மட்டும் அடைபட்டுப் போயிற்று. கொடுத்தவர்களிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. மாடு வைத்திருப்பவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, அவ்வளவே.

அதற்கு நேர்மாறாகவும் நம் பக்கத்தில் நடந்திருக்கிறது. 2017 மார்ச்சில் நம் மணிமங்கலத்தில்தான் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உடலுழைப்பாகவோ தர வேண்டும் என்பது அதன் விதி. தன் பங்கைக் கொடுத்தவன் "என் மதகு என்னாயிற்று?" என்று கேட்பான் அல்லவா? நம் மாவட்டத்து உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாதாம். உறவினரையும் சேர்த்தது எங்களுக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் கூட்டத்தில் ஒருத்தியின் தந்தை, விவசாயி, சொன்னது வேறு. ஏரிகள் சங்கிலி போன்றவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு நீர். ஓர் ஊரார் ஒற்றுமையாகப் பணம் போட்டு, ஒருமனதாகத் தீர்மானித்து, தங்கள் கலங்கலை ஒரு முழம் உயர்த்திவிட்டால் அடுத்த ஊர் காய்ந்து போகும். ஊர் ஒற்றுமையாக இருந்ததால்தான் அந்தக் கெடுதலே நடக்கிறது! குப்பத்தின் சங்கதியும் இதுதான் என்று எங்களுக்குச் சட்டென்று விளங்கியது. மணலும் கலங்கல் நீரைப்போல அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும் சரக்கு.

நூலகத்தில் தேடியபோது ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரம் பற்றிக் கிடைத்தது. ஆற்றுக்குத் தெற்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், வடக்கே குயின்ஸ்லாந்து. அங்கும் கல் சுவர்களால் மணல் தெற்கே நின்றுவிட, வடக்கே கடற்கரை மெலிந்தது. இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2001 முதல் தெற்கே சேரும் மணலைப் பம்புகளால் உறிஞ்சி ஆற்றின் அடியில் குழாய் வழியே வடக்கே அனுப்புகின்றன. செலவு இருவருக்கும் பொது. புதுச்சேரியும் தமிழ்நாடும் எங்கள் கண்முன் வந்து நின்றன. ஹாலந்து நாட்டில் நீர் வாரியங்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. வரி கட்டும் மக்களே அதற்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரியங்கள் நீர் பாயும் வழியை ஒட்டி அமைந்தவை என்பதைப் படித்து வியந்தோம்.

வகுப்பில் வாக்கெடுப்பு வந்தது. இப்போது குப்பத்துக்கான யோசனை கல் அல்ல. இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனு கொடுக்க ஆயாவும் பெரியம்மாவும் முயல்கிறார்கள். அதற்கு வேன் வாடகை, வரைபடம், நகல் செலவு. சீட்டுகளை ஒரு டிபன் பாக்ஸில் போட்டோம். பனை விதைக்கு 24, குப்பத்துக்கு 18. ஏரியை நாள்தோறும் பார்க்கிறோம், குப்பத்தை ஒரு மணி நேரம்தான் பார்த்தோம் என்று ஒரு மாணவி காரணம் சொன்னாள். பொய்யில்லை. சீட்டுகளை எண்ணி உரக்கப் படித்தது எங்கள் தோழிதான். குரல் நடுங்கவில்லை. பனைக்கு வேலி போடும்போது வகுப்பின் பெயரில் பலகை வைக்கக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அது ஒருமனதாக நிறைவேறியது.

நாங்கள் எண்மரும் எங்கள் கைக்காசாக 1,160 ரூபாய் சேர்த்தோம். ஆயா வாங்க மறுத்துவிட்டார். "எழுதிக் குடுங்க, போதும்" என்றார். ஆகவே மனுவை நாங்கள் எழுதினோம். எந்த ஊரில் கல் போடுவதானாலும் முதலில் இரு ஊரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, மணல் எங்கே சேரும், எங்கே குறையும் என்று சொல்ல வேண்டும். தெற்கே தேங்கும் மணலை வடக்கே கடத்தித் தர வேண்டும். இரண்டே கோரிக்கைகள். அவற்றை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. மனுவில் எந்தக் குப்பத்தின் பெயர் முதலில் வருவது என்பதற்குத்தான் மூன்று நாள் ஆயிற்று! இங்கிருந்து ஒரு தொலைபேசி, அங்கிருந்து ஒரு தொலைபேசி. இறுதியில் பெரியம்மா சொன்ன யோசனைப்படி இரண்டு மனுக்கள் அச்சிட்டோம். ஒன்றில் இந்த ஊர் முதலில், மற்றதில் அந்த ஊர் முதலில். வேறொரு எழுத்தும் மாறவில்லை. இரண்டிலும் இரு ஊராரும் கையெழுத்திட்டார்கள், பெண்களும் இட்டார்கள்.

சனவரியில் இரு ஊர்த் தலைவர்களும் ஒரே வேனில் சென்று மனு கொடுத்து வந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. பெரியம்மா பொங்கலுக்குத் தாய்வீடு வந்திருந்தார். பனை முளைத்ததா என்று ஆயா ஞாயிறுதோறும் கேட்கிறார். முளைக்க நாளாகும் என்று சொல்லியிருக்கிறோம்.