பேட்டரி கொதித்தால் எர்த்தைப் பாருங்கள்

பேட்டரி கொதிக்கிறது என்று ஒரு பழைய கார் வந்து நின்றால், நான் முதலில் ஆறு மூடிகளையும் திறந்துவிடுவேன். தண்ணீர் எப்படி வற்றியிருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு செல் மட்டும் வற்றிச் சூடேறியிருந்தால் அநேகமாக அந்த செல் செத்துவிட்டது, பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும். ஆறும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் பேட்டரி மேல் குற்றமில்லை. அதற்குள் அளவு மீறி சார்ஜ் ஏறுகிறது. மேல்பக்கம் படிந்த அமில ஈரம், டெர்மினலில் பூத்த உப்பு, அழுகிய முட்டை நாற்றம், அடிக்கடி ஃபியூஸ் ஆகும் ஹெட்லைட் பல்பு எல்லாம் அதற்குச் சாட்சி. டாஷ்போர்டின் சிவப்பு விளக்கை நம்பாதீர்கள். பழைய வண்டிகளில் அது சார்ஜ் ஏறாவிட்டால் எரியும். அதிகமாக ஏறினால் பேசாமல் இருக்கும்.

அடுத்தது மல்டிமீட்டர். இரவு முழுக்க ஓய்ந்து நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை லேசாக ரேஸ் செய்தால் 13.8-லிருந்து 14.4-க்குள் போய் நின்றுவிட வேண்டும். ரேஸ் செய்யச் செய்ய 15, 16 என்று ஏறினால் அது ஓவர் சார்ஜ், சந்தேகமே வேண்டாம். ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட் என்ற அளவை ஒட்டித்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வேகமாகப் பிரியத் தொடங்குகிறது. சூடு கூடக் கூட இந்த எல்லை கீழே இறங்கும். மார்கழியில் தொல்லை தராத 14.4, செங்கல்பட்டின் கத்திரி வெயிலில் தண்ணீரை வற்றடிப்பது இதனால்தான். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். தீக்குச்சி கொளுத்தித் தண்ணீர் மட்டம் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

சார்ஜை அளவோடு நிறுத்த வேண்டியது ரெகுலேட்டர். அது தனிப் பெட்டியாக இருக்கும் வண்டிகள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. 1960-களின் அந்த வண்டியில் டைனமோ ஓர் இடத்தில், அதைக் கட்டுப்படுத்தும் பெட்டி வேறோர் இடத்தில். பெட்டிக்குள் இருக்கும் காயில், தனக்கு வரும் வோல்ட்டேஜையும் பாடியோடு சேரும் தன் எர்த்தையும் ஒப்பிட்டுத்தான் சார்ஜைக் குறைக்கும். அந்த எர்த் கெட்டால், இலை நிறைந்ததைப் பார்க்க முடியாமல் பந்தியில் பரிமாறுகிறவர் கதைதான். பேட்டரி நிறைந்தது அதற்குத் தெரியாது; போட்டுக்கொண்டே இருக்கும்.

எர்த் கெடுவதற்கு நம் கரையைப் போல இடம் கிடையாது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்புக்காற்று அரிக்கிறது; அதைத் தணிக்கச் சவுக்குத் தோப்பு வைத்திருக்கிறார்கள். ரெகுலேட்டரை பாடியில் பிடித்திருக்கும் சிறு திருகுக்கு எந்தத் தோப்பு இருக்கிறது? கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கத்து வண்டிகளில் வெளியே பார்த்தால் வயர் பளிச்சென்று இருக்கும். வயர் முனையில் இருக்கும் லக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு.

மாமல்லபுரத்திலிருந்து வந்த ஒரு வண்டிக்கு ஏற்கெனவே வேறிடத்தில் புது பேட்டரியும் மாட்டி, டைனமோவையும் பிரித்துச் சேர்த்திருந்தார்கள். புது பேட்டரியும் கொதித்தது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி நெகட்டிவிலிருந்து ரெகுலேட்டர் எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரைத் தொட்டுப் பிடித்தேன். 15-க்கு மேல் நின்ற மீட்டர் மடமடவென்று 14-க்கு இறங்கியது. அவ்வளவுதான் நோய். திருகைக் கழற்றி, பெயின்ட் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புது லக் போட்டு, மேலே வாஸலின் தடவி முடுக்கினேன். வண்டிக்காரர் எவ்வளவு பணம் வீணாகியிருக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது.

அந்தத் துண்டு வயர் தொட்டும் மீட்டர் இறங்காவிட்டால், ரெகுலேட்டரில் எஃப் என்று குறித்த முனையின் வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சார்ஜ் நின்றால் ரெகுலேட்டர் பாயின்ட் ஒட்டிக்கொண்டது. நிற்காமல் ஏறினால் டைனமோவிலிருந்து வரும் டி, எஃப் வயர்கள் எங்கோ உரசிக்கொண்டிருக்கின்றன. ஆல்டர்னேட்டரும் தனி ரெகுலேட்டரும் உள்ள பிந்தைய வண்டிகளில், இக்னிஷன் சுவிட்ச் வழியாக ரெகுலேட்டருக்கு வரும் வயரையும் பாருங்கள். சுவிட்ச் பாயின்ட் தேய்ந்து அரை வோல்ட் குறைவாகக் காட்டினால், அந்த அரை வோல்ட்டையும் ரெகுலேட்டர் பேட்டரிக்குக் கூட்டிக் கொடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ஆல்டர்னேட்டர் வண்டி ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி சோதிப்பது பழைய ஆட்கள் சிலரின் வழக்கம். வோல்ட்டேஜ் எகிறி டயோடு போய்விடும். இன்னொன்று, வற்றிய பேட்டரிக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். கொதிப்பில் போனது பெரும்பாலும் தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் போதும்.

கடலோரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை எர்த் இணைப்புகளை எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். யாராவது பேட்டரியை மாற்றச் சொன்னால், எஞ்சின் ஓடும்போது மீட்டர் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று கேட்டு, உங்கள் கண்ணாலும் பார்த்துவிட்டு, அதன் பிறகு பணத்தை எடுங்கள்.