கூகை கற்பித்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, மழைக்கால விடியற்காலை ஒன்றில், நமது பங்குக் கோவிலின் மணிக்கூண்டுக்குக் கீழே கூகை ஒன்று விழுந்து கிடந்தது. காகங்கள் அதைச் சூழ்ந்து கொத்திக்கொண்டிருந்தன. திருப்பலிக்கு வந்தவர்களுள் சிலர், "சுவாமி, அது சாக்குருவி, தொடாதீர்கள்" என்று எச்சரித்தனர். உபதேசியாரின் பேரன் மட்டும் தன் துண்டை விரித்து, அதை அள்ளியெடுத்து, பங்கு இல்லத்துக்குக் கொண்டுவந்தான்.

அதற்கு நாம் செய்த உபசாரத்தை இப்போது எண்ணினாலும் நாணம் உண்டாகிறது. குளிரால் நடுங்குகிறது என்று கருதி இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டோம். ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டினோம். அலகைத் திறந்து கரண்டியால் தண்ணீர் வார்த்தோம். அதன் பின்னரே நமக்குப் பழக்கமான கால்நடை மருத்துவரை அழைத்தோம்.

வந்தவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பு அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும். ஆகவே இறுகப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடக்கூடும் என்றார். மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே இருப்பதால், வார்த்த தண்ணீர் உள்ளே இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். பின்னர்ச் சிறகின் முறிவைப் பார்த்துவிட்டுச் சற்று மௌனமாக இருந்தார். "சுவாமி, இருபது ஆண்டுகளாகப் பசுவுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் செய்கிறேன். இந்த எலும்பைக் கட்டும் முறை எனக்குத் தெரியாது. தெரிந்தவரைக் கேட்டு வருகிறேன்" என்றார். அவர் கேட்டறிந்து திரும்புமுன் கூகை இறந்துவிட்டது.

அந்த ஆண்டே அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, வனவிலங்கு மருத்துவத்தில் குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்குச் சென்றார்; தம்மிலும் இளையவர்களிடம் மாணவராக அமர்ந்து கற்றார்.

கால்நடை மருத்துவப் பட்டம் பெற ஐந்தரை ஆண்டுகள் வேண்டும். நமது குரும்பாபேட்டையிலேயே 1994-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அப்படிப்பில் பெரும்பகுதி பசு, எருமை, ஆடு, கோழி ஆகியவற்றைப் பற்றியதே. ஏழைக் குடும்பங்களின் பிழைப்பு அவற்றை நம்பி இருப்பதால் அது நியாயமே. ஆயினும் மருத்துவரை நாடி வரும் உயிர்கள் அவை மட்டுமல்ல. ஊசுட்டேரியின் பறவைகளும் நம் கடற்கரையின் ஆமைகளும் உண்டு. வீடுகளில் வளர்க்கப்படும் வெளிநாட்டுக் கிளிகளும் பச்சோணான்களும் உண்டு. மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று வீதியில் சரிந்து விழுந்து இறந்தபோது, மத வேறுபாடின்றி நகரமே கண்ணீர் வடித்ததை நாம் கண்டோம்.

உயிருக்கு உயிர் மருந்தின் அளவு மாறும். சைலசீன் என்னும் மயக்கமருந்து, குதிரைக்குத் தரும் அளவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதுமானது. எடையை மட்டும் கணக்கிட்டு ஊசி போட்டால் உயிருக்கே கேடாகும்.

ஒரு காலத்தில் சரியென்று கற்றதும் பின்னர்ப் பிழையாகலாம். மாடுகளின் வலிக்கு மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு கொடுத்துவந்த டைக்ளோபினாக், அம்மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகளுள் மூன்று இனங்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004-இல் வெளிப்பட்டது. 2006-இல் அம்மருந்து கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக மெலாக்சிகாம் வந்தது. கல்லூரியோடு படிப்பை முடித்துக்கொண்ட மருத்துவர் இதை எங்ஙனம் அறிவார்?

'யானை டாக்டர்' என்று பெயர்பெற்ற வி. கிருஷ்ணமூர்த்தி (மறைவு 2002) காட்டையே பள்ளியாகக் கொண்டு, இறந்த யானைகளை அறுத்து ஆராய்ந்து கற்றார். இன்று சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வனவிலங்கு அறிவியலுக்குத் தனித் துறையே உண்டு. வண்டலூரில் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனமும் உண்டு. கற்க இடம் இருக்கிறது. கற்கச் செல்லும் மனந்தான் வேண்டும்.

அன்பர்களே, உங்கள் ஊர் மருத்துவர் பயிற்சிக்குச் சென்றிருப்பதாக அறிவிப்புப் பலகை தொங்கினால் முணுமுணுக்காதீர்கள். அடிபட்ட பறவையைக் கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள், ஊட்டாதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

சென்ற ஆண்டு மணிக்கூண்டிலிருந்து மற்றொரு கூகை விழுந்தது. இம்முறை அந்தப் பையனே பெட்டியைக் கொண்டுவந்தான். மருத்துவர் அதன் சிறகை எட்டு என்னும் இலக்க வடிவில் கட்டினார். நாம் விளக்குப் பிடித்தோம். முப்பது ஆண்டுகளாகப் பிரசங்க மேடையில் நின்றுவரும் நாம், "எனக்குத் தெரியாது, கேட்டு வருகிறேன்" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். விரல்விட்டு எண்ணிவிடலாம்.